சிவப்புப் படகு, நீலப் படகு, என் வயிற்றெரிச்சல்

1. முட்டியில் நீலம்

என் மனைவி செண்பகத்தின் டிராக் பேன்ட்டில், இரண்டு முட்டியிலும் நீல பெயின்ட் ஒட்டியிருந்தது. துணி ஊற வைக்கப் போகும்போது பார்த்தேன். நான் செட்டிங் செய்துகொண்டிருந்த ரேஸ் படகு சிவப்பு. உள்ளே தரைப்பலகையும் சிவப்பு. முட்டி போட்டு ஓட்டுகிற நீலப் படகு இந்த ஜில்லாவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பிச்சாவரம் பக்கத்தில் கோதண்டத்தின் பட்டறையில் இருந்தது.

"என்னா இது?" என்று கேட்டேன்.

"பெயின்ட்டு."

"நீலம்."

"ஆமா. கண்ணு நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

பின்பலகையில் வெளியே மோட்டார் மாட்டுகிற பழைய அவுட்போர்டு ரேஸ் படகுகளை எப்படி செட் செய்வது என்று எழுதித் தரச் சொல்லி சிதம்பரம் பல் டாக்டர் கேட்டிருக்கிறார். இளம் மெக்கானிக்குகளுக்கு உபயோகப்படுமாம். செட்டிங்கை மட்டும் எழுதுங்கள், சொந்தக் கதை வேண்டாம் என்றார். முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை. அந்த சீசனில் நான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் என் பொறாமையும் சேர்ந்துதான் முடுக்கப்பட்டது. அதைத் தனியாகக் கழற்ற எனக்கு ஸ்பேனர் இல்லை.

2. ஒரே தச்சர் செய்த இரண்டு

எனக்கு ஊர் கீரப்பாளையம். வீட்டில் எல்லாரும் நெல்லுக்குப் பிறந்தவர்கள். நான் மட்டும் வயலில் பம்புசெட் ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டி, அந்தக் கிரீஸ் வாசனையோடு கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுனுக்கு வந்து, அவுட்போர்டு மோட்டார் விற்கிற ஒரு கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். சர்வீஸ் ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார். டெலிவரி எடுக்க அவர் மகள் வரும். அதுதான் செண்பகம். அந்த மோட்டார் அடிக்கடி ரிப்பேர் ஆனது. ஸ்பார்க் பிளக்கை நானே தளர்த்தி அனுப்பியதாகக் கோதண்டம் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறான். சுத்தப் பொய். இரண்டு தடவைதான் தளர்த்தினேன்.

கோதண்டம் யார் என்று சொல்ல வேண்டும். செண்பகத்தின் தாய்மாமன் மகன். முறைப்பையன். அவளைக் கட்ட வேண்டியவன் அவன்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். நடுவில் நான் புகுந்துவிட்டேன். அவன் வேறு இடத்தில் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரனும் எடுத்துவிட்டான். பிச்சாவரம் பக்கத்தில் அவுட்போர்டு பட்டறை வைத்து நன்றாக இருக்கிறான். என்மேல் அவனுக்கு ஒரு பொட்டு வருத்தமும் கிடையாது. முறைப்படி எனக்குத் தம்பி. வாய் நிறைய "அண்ணே" என்பான். எனக்கு அதுதான் இன்னும் எரிகிறது. அவன் ஒரு தடவையாவது முறைத்திருந்தால் நானும் முறைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவன் வீட்டுக்கு வந்தால் செண்பகம் "வா மச்சான்" என்பாள். என்னைக் கூப்பிடுவது "இந்தாங்க" என்று. அவன் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக விழும். அறுபதை நெருங்குகிறான், தலையில் ஒரு நரை இல்லை. டை அடிக்கிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடிக்கவில்லை.

டாக்டர் எங்கோ மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து இரண்டு பழைய ரேஸ் படகுகளை வாங்கி வந்தார். பன்னிரண்டு அடி பிளைவுட் படகுகள், ஒரே தச்சர் ஒரே அளவில் செய்தவை. மோட்டார்களும் ஒரே மாடல், பதினைந்து குதிரை சக்தி, டூ ஸ்ட்ரோக். ஸ்டியரிங் கிடையாது. பின்பலகை ஓரமாக முட்டி போட்டு, மோட்டார் கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும். சிவப்பை என்னிடம் கொடுத்தார். நீலத்தைக் கோதண்டத்திடம் கொடுத்தார். மாசி மகம் முடிந்து அடுத்த ஞாயிறு, அவரும் பாண்டிச்சேரி நண்பர்களும் உப்பனாற்றில் பழைய படகுகளை ஓட விடுவதாக ஏற்பாடு.

"எது நல்லா வருதோ பாக்கலாம்" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பல்லைப் பிடுங்கும்போதும் அப்படித்தான் சிரிப்பார்.

3. செட்டிங்

படகை முதலில் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பலகையில் பின்பக்கத்து நாலு அடிதான் வேகத்துக்கு உதவும் இடம். படகு முழு வேகத்தில் போகும்போது தண்ணீரைத் தொடுவது அதுதான். நேரான சட்டத்தை வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் படகு மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். தொப்பை விழுந்திருந்தால் மூக்கு துள்ளும். சிவப்புக்கு லேசாகத் தொப்பை இருந்தது. தேய்த்தேன், பூசினேன், மறுபடி தேய்த்தேன். பின்பலகையின் கீழ் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் தண்ணீர் அதில் ஒட்டிக்கொண்டு படகை இழுக்கும்.

அடுத்தது மோட்டாரின் உயரம். மோட்டார் காலில், ப்ரொப்பலருக்கு மேலே ஒரு தகடு படுத்திருக்கும். மீன்பிடிப் படகில் அது அடிப்பலகைக்குக் கீழே முங்கி இருக்கலாம். ரேஸில் கூடாது. தண்ணீருக்குள் கால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இழுவை. பின்பலகை மேல் மரத்தக்கை வைத்து மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில், திரும்பும்போது ப்ரொப்பலர் காற்றைக் குடித்து வெறுமனே கத்தும். அங்கே ஒரு தக்கையை எடுத்துவிடுங்கள். அதுதான் உங்கள் உயரம்.

மூன்றாவது சாய்வு. மோட்டார் கால் எந்த ஓட்டையில் இரும்புப் பின் மாட்டி நிற்கிறது என்பது. கால் வெளியே சாய்ந்தால் மூக்கு தூக்கும், வேகம் வரும், துள்ளலும் வரும். உள்ளே வந்தால் மூக்கு படியும், வேகம் போகும். நான் வெளி ஓட்டைக்காரன்.

நாலாவது ப்ரொப்பலர். இலையின் பின் விளிம்பை லேசாகத் தட்டி வளைத்தால், மோட்டாரை உயரத் தூக்கினாலும் பிடி விடாது. இதைக் கையால் தட்டித்தான் பழக வேண்டும். எழுதிக் காட்ட முடியாது.

அஞ்சாவது எடை. என் முழு சர்வீஸிலும் படகுக்காரர்களிடம் நான் போட்ட ஒரே சண்டை எடைக்குத்தான். தேவையில்லாத கயிறு, ஓட்டை டப்பா, கிழிந்த வலை, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து "மோட்டாரு இழுக்கல" என்பார்கள். ஆகவே சிவப்பில் நான் எதையும் விட்டு வைக்கவில்லை. பித்தளைக் கொக்கியைக் கழற்றினேன். துடுப்பை மெலிதாக்கினேன். தரைப்பலகையில் ஓட்டை போட்டேன்.

அப்புறம் ஓட்டுகிற ஆள். டாக்டரின் மச்சினர் முதலில் ஏறினார். நல்ல மனிதர், நல்ல உடம்பு. படகு எழும்பவே இல்லை, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு உழுதது. சோறு கொண்டுவந்த செண்பகம் கரையில் நின்று அதைப் பார்த்தாள்.

"நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள்.

அப்பா படகில் கைப்பிடி பிடித்து வளர்ந்தவள். உடம்பில் எலும்பைத் தவிர அதிகமாக ஒன்றும் கிடையாது. மகளின் பழைய டிராக் பேன்ட்டைப் போட்டு, லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் மாட்டி ஏறினாள். தண்ணீர் ஏறுகிற நேரம், ஆறு சமமாகக் கிடந்தது. கைப்பிடியைத் திருகியதும் சிவப்பு எழுந்து ஓடியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த ஒரு விஷயம் கோதண்டத்திடம் இல்லை என்று அந்த நிமிஷமே கணக்குப் போட்டது என் புத்தி.

4. மஞ்சள் துணி மூட்டை

அடுத்த டெஸ்ட்டுக்கு அவள் ஒரு மஞ்சள் துணி மூட்டையோடு வந்தாள். குடுமி வைத்த தேங்காய் மூன்று, கல் உப்பு ஒரு பை, ஒரு கைப்பிடி நெல். படகு மூக்கின் உள்ளே, கை விட்டால் முழங்கை வரை போகிற அறையில் திணித்துக் கட்டினாள்.

"இது என்னாத்துக்கு?"

"எங்க வீட்டுப் பழக்கம். அப்பா போட்டுல எப்பவும் இருக்கும். கெளம்பும்போது கட்டுவோம். திரும்பி வந்ததும் எங்க அம்மா கரையில நின்னு அதுல ஒரு தேங்காய வாங்கி உடைக்கும்."

நான் பாதிதான் காதில் வாங்கினேன். என் கை மூட்டையின் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சு கிலோ இருக்கும். நான் நாலு நாள் இழைத்துக் குறைத்ததைவிட ஜாஸ்தி.

"செண்பகம், இது ரேஸ் போட்டு. மளிகைக் கடை இல்ல."

மூட்டையை எடுத்துக் கரையில் வைத்தேன். அடுத்த தடவையும் கட்டினாள், நான் எடுத்தேன். மூன்றாவது தடவை அவள் ஹெல்மெட் மாட்டுகிற நேரம் பார்த்து எடுத்து, என் டூல் பாக்ஸுக்குப் பின்னால் வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். அப்போதும் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் செண்பகம் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் போடாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

வேகம் ஏற ஏறச் சிவப்பு துள்ள ஆரம்பித்தது. மூக்கு எழும்பும், படீரென்று விழும், மறுபடி எழும்பும். நேராகப் போகும்போதே அப்படி என்றால் திரும்பும்போது கேட்கவே வேண்டாம்.

"துள்ளுது. திருப்பும்போது மூக்கு எங்க எறங்கும்னு தெரியல. எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

"ஆக்ஸிலேட்டர ஒரே சீரா புடி."

"ஒரே சீராத்தான் புடிக்கிறேன்."

சாய்வை ஒரு ஓட்டை உள்ளே போட்டேன். துள்ளல் குறைந்தது, வேகமும் செத்தது. டாக்டரின் போனில் வேகத்தைப் பார்த்தபோது அவரைப் பார்க்கவே எனக்கு முகம் இல்லை. மறுபடி வெளி ஓட்டை. மறுபடி துள்ளல். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

"கோதண்டத்தோட நீலமும் இப்படித்தான் குதிச்சிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அருமையா போவுது. என்ன பண்ணாருன்னு தெரியல."

அன்று சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை. மோட்டார் தெரிந்தவன் நான், ஃபோர்மேன் நான். அவன் பிச்சாவரத்தில் டூரிஸ்ட் ஏற்றுகிற மோட்டாருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவன். வயிறு பத்தி எரிந்தது.

அதற்கு மறுநாள்தான் நீல பெயின்ட்டைப் பார்த்தேன். கோதண்டத்தின் பேரனுக்குக் காதுகுத்து என்று செண்பகம் நாலு நாள் முன்னாலேயே போய்வந்திருந்தாள். எனக்குப் போகப் பிடிக்காமல், கார்புரேட்டர் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

மீன் கழுவிவிட்டு வந்தவளிடம் நேராகவே கேட்டேன். "அவன் போட்ட ஓட்டுனியா?"

"ஓட்டுனேன்."

"எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல. இப்ப கேட்டீங்க, சொல்லிட்டேன்."

"எப்புடி இருந்துச்சி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "துள்ளல" என்றாள்.

என் வாழ்க்கையில் இதைவிட மோசமான வார்த்தையை அவள் சொன்னதில்லை.

5. உளவு

கேஸ்கெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கடலூரில் கிடைக்காத எந்தக் கேஸ்கெட்டும் பிச்சாவரத்தில் கிடைக்காது. செண்பகத்துக்கும் அது தெரியும். "மச்சான கேட்டதா சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோதண்டம் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே! வாங்க வாங்க. செண்பகத்த கூட்டியாரலியா?"

வந்ததும் வராததுமாக அவள் பேச்சு. "நான் வந்தா போதாதா?" என்றேன்.

"என்னாண்ணே இப்புடிக் கேக்குறீங்க. ஒக்காருங்க, நண்டு வறுக்கச் சொல்றேன்."

நண்டு வேண்டாம் என்றேன். அப்புறம் சாப்பிட்டேன். நல்ல நண்டு. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நீலப் படகு பட்டறை வாசலில், சதுப்புக்காட்டு ஓடைக் கரையில் ஸ்டாண்டு மேல் இருந்தது. சும்மா பார்ப்பது மாதிரி சுற்றி வந்தேன். அவன் என்னைச் சும்மா விடவில்லை.

"நல்லா பாருங்கண்ணே. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்னா இருக்கு? ஒசரம் இன்னும் ஒரு தக்க ஏத்தலாமா, நீங்களே சொல்லுங்க."

உயரத்தை விரல் வைத்து அளந்தேன். என் உயரம். சாய்வு பார்த்தேன். வெளி ஓட்டை, என்னுடையதேதான். ப்ரொப்பலர் இலையைத் தடவினேன். தட்டி வளைத்திருந்தான், ஆனால் என் அளவுக்கு நயமாக இல்லை. அடிப்பலகையில் சட்டம் வைத்தேன். என் சிவப்பைவிட ஒரு இழை தொப்பை ஜாஸ்தி. எல்லாவற்றிலும் என் படகு சமம் அல்லது மேல். அப்படியிருந்தும் அவனுடையது துள்ளவில்லை. ரகசியம் ஒன்று இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கடைசியாக மூக்கு அறைக்குள் கையை விட்டேன். துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். மஞ்சள் துணி. முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. எங்கள் வீட்டு அரிசி மூட்டையையும் செண்பகம் அப்படித்தான் கட்டுவாள்.

"அதுவாண்ணே?" என்று கோதண்டம் சிரித்தான். "காதுகுத்து அன்னிக்கி ஓட்டிப் பாக்குறேன்னு கேட்டுச்சி. ஏறுறதுக்கு முன்னாடி இத கட்டிச்சி. அன்னிலேருந்து துள்றது நின்னு போச்சு. டாக்டரு நான் என்னமோ பெரிசா வித்த பண்ணிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. நான் ஒண்ணும் பண்ணலண்ணே. எடுக்காம வச்சிருக்கேன், அவ்ளோதான்."

எடுக்காம வச்சிருக்கேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குச் செவிட்டில் அறை விழுந்தது மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். ஓட்டுகிற ஆள், மோட்டார், பெட்ரோல் டேங்க், எல்லாக் கனமும் பின்பலகையில் குந்தியிருக்கிறது. மூக்கில் ஒன்றுமே இல்லை. அங்கே கொஞ்சம் கனம் வைத்தால் மூக்கு அடங்கும், சாய்வை உள்ளே இழுக்க வேண்டாம், வேகம் போகாது. புதிதாகச் சேர்ந்த ஹெல்ப்பருக்கே நான் சொல்லிக் கொடுக்கக்கூடிய பாடம். எடையைக் கண்டாலே எதிரியாகப் பார்த்துப் பழகிய எனக்கு அது தோன்றவில்லை. அதுவும் செண்பகம் கட்டியது, நான் பிடுங்கியது, அவன் வைத்துக்கொண்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தொழில் மேல் இருந்த பொறாமை போய்விட்டது. அவன் என்னைவிட நல்ல மெக்கானிக் இல்லை. அந்த இடத்தில் வேறொரு பொறாமை வந்து உட்கார்ந்தது. அவள் ஒன்றைச் சொன்னால் அவன் கேட்கிறான்.

6. ஈயக் குண்டு

நான் மெக்கானிக். காரணம் தெரிந்ததும் கை சும்மா இருக்காது. தேவனாம்பட்டினத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு அஞ்சு கிலோ வாங்கினேன். தேங்காய் உருளும், உப்பு நனைந்தால் கசியும். ஈயம் அடக்கமாக உட்காரும். மூக்கின் அடியில் சரியான இடம் பார்த்து, பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். அவளுக்காக அதன்மேல் மஞ்சள் துணி சுற்றினேன். இது பெரிய சமாதானம் என்று நான் நினைத்தேன்.

செண்பகம் ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு ஒரு துள்ளல் இல்லாமல் போனது. வெளி ஓட்டைச் சாய்வில், அந்த உயரத்தில், நீலத்தைவிட வேகமாகவே போனது. டாக்டர் போனைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

"எப்புடி?" என்றேன் அவளிடம்.

"நல்லாத்தான் போவுது" என்றாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அப்புறம் மூக்கு அறைக்குள் கையை விட்டாள். துணியைத் தடவினாள். விலக்கிப் பார்த்தாள்.

"ஈயமா?"

"அஞ்சு கிலோ. அதே எட. தேங்காயவிட நல்லா ஒக்காரும்."

துணியை மறுபடி மூடிவிட்டு, "ம்" என்றாள்.

ரேஸ் காலையில் உப்பனாற்றங்கரையில் நல்ல கூட்டம். பாண்டிச்சேரி ஆட்கள் மூன்று படகு கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கம் சிவப்பு, நீலம். செண்பகம் எதில் ஏறுகிறாளோ, மற்றதில் ஏறுவதற்குப் பாண்டியிலிருந்து ஒரு ஒல்லி மனிதரை டாக்டர் கூட்டி வந்திருந்தார்.

"அம்மா, ரெண்டையும் ஓட்டியிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, எது?" என்றார் டாக்டர்.

சிவப்பின் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டியளவு தண்ணீரில் நான் நின்றிருந்தேன். பக்கத்தில் நீலத்தைப் பிடித்துக்கொண்டு கோதண்டம். செண்பகம் என்னைப் பார்த்தாள்.

"நீலத்துல ஏறிக்கிறேன் டாக்டர். அதுல தேங்கா இருக்குது."

டாக்டருக்குப் புரியவில்லை. கோதண்டம் குனிந்துகொண்டான். சிரித்திருந்தால் அவனை அந்தத் தண்ணீரிலேயே அமுக்கியிருப்பேன். சிரிக்கவில்லை, அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி, நீல முட்டியை நீலப் பலகையில் ஊன்றினாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் பேசி வைத்தது இன்றைக்கு நடந்துவிட்டது மாதிரி எனக்கு ஒரு எண்ணம். பைத்தியக்கார எண்ணம்தான். ஆனால் வந்தது.

7. கரை

இரண்டு மிதவை, மூன்று சுற்று. பாண்டிச்சேரிப் படகுகள் முதல் சுற்றிலேயே பின்னால் போய்விட்டன. சிவப்பும் நீலமும்தான். நேரான ஓட்டத்தில் சிவப்பு முந்தும். திருப்பத்தில் நீலம் பிடித்துவிடும், ஏனென்றால் அதில் கைப்பிடி பிடித்திருந்தது செண்பகம். மிதவையை ஒட்டி, உடம்பை உள்பக்கம் சாய்த்து, கையைக் கொஞ்சமும் தளர்த்தாமல் திருப்புவாள். ஒல்லி மனிதர் பயந்து அகலமாகச் சுற்றுவார்.

நான் யாருக்காகக் கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நேர் ஓட்டத்தில் சிவப்புக்குக் கத்தினேன். திருப்பத்தில் என் வாய் தானாக அவள் பேரைச் சொன்னது.

கடைசித் திருப்பத்தில் ஒரு ஃபைபர் படகு கிளப்பிவிட்டுப் போன அலை குறுக்கே வந்தது. சிவப்பு அதில் ஏறி இறங்கியது, மூக்கு அடங்கியே இருந்தது. நீலம் ஏறியது. ஒரு நொடி அடிப்பலகை முழுக்க வெளியே தெரிந்தது. பலகையில் இருந்த அந்த ஒரு இழை தொப்பைதான் காரணம். அதை நான் பார்த்தேன், கோதண்டத்திடம் சொல்லவில்லை, அவன் தோற்கட்டும் என்று. அதில் அவள் இருப்பாள் என்று நினைக்கவில்லை. மூக்கு இறங்கியது. அவள் கைப்பிடியை விடவில்லை. படகு நேரானது.

சிவப்பு ஒரு படகு நீளத்தில் ஜெயித்தது.

டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்தார். யாரோ மாலை போட்டார்கள். ஃபோர்மேன், ஃபோர்மேன் என்று கூப்பிட்டார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. நீலம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. கோதண்டம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதன் மூக்கைப் பிடித்தான். ஜெயித்தவன் நான், மாலை என் கழுத்தில், அப்படியும் என் கண் அவன் கைமேலேயே இருந்தது.

செண்பகம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். மூக்கு அறைக்குள் குனிந்து மஞ்சள் துணியை அவிழ்த்தாள். ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கோதண்டம் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி, தண்ணீரைக் காலால் விலக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் நேராக என்னிடம் வந்தாள்.

"இந்தாங்க. உடைங்க."

"நானா?"

"கரையில நின்னது நீங்கதான?"

அப்போதுதான் பாதி காதில் வாங்கிய பேச்சு முழுசாக வந்து சேர்ந்தது. எங்க அம்மா கரையில நின்னு வாங்கி உடைக்கும். கட்டுவது போகிறவர். உடைப்பது காத்திருப்பவர்.

"உங்களுக்குன்னுதான் ஒவ்வொரு தடவையும் கட்டுனேன். தூக்கித் தூக்கிப் போட்டீங்க" என்றாள். சத்தம் போட்டுத்தான் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

கரைக் கல்லில் உடைத்தேன். நேராக இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் என் மாலைமேல் எல்லாம் தெறித்தது. கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

இளம் மெக்கானிக்குகளுக்கு நான் சொல்வது இதுதான். உயரம், சாய்வு, ப்ரொப்பலர், அடிப்பலகை, எல்லாம் மேலே எழுதிவிட்டேன், அதன்படி செய்தால் படகு போகும். எடையைக் குறைக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். படகில் ஒரு பொருள் இருந்தால், அதை வைத்தவரைக் கூப்பிட்டு எதற்கு வைத்தாய் என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள். சிவப்பில் இப்போது ஈயம் இல்லை. அதே இடத்தில் பட்டை மட்டும் இருக்கிறது, அதில் அவள் மூட்டையை வைத்துக் கட்டுகிறாள். நீலத்தின் தொப்பையை மறுநாளே போய் நானே தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குத் தேங்காயைக் கீறி எல்லாருக்கும் ஒவ்வொரு சில்லு கொடுத்தேன். டாக்டருக்கு, ஒல்லி மனிதருக்கு, பாண்டிச்சேரிக்காரர்களுக்கு. கோதண்டமும் ஈரத்தோடு வந்து, "எனக்குண்ணே?" என்று கையை நீட்டினான். கொடுத்தேன். இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.